பாப்பாரப்பட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

ஆண்டுதோறும் ஜூலை 23, அக்டோபர் 4 ஆகிய இரண்டு நாட்களில் பாப்பாரப்பட்டியில் உள்ள தியாகி சுப்பிரமணிய சிவா நினைவிடத்தில் மாலைகள் குவிகின்றன. ஒன்று அவர் மறைந்த நாள், மற்றொன்று பிறந்த நாள். அதிகாரிகள் வருகிறார்கள், எல்லாக் கட்சியினரும் வருகிறார்கள், நீங்களும் சீருடைப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வருகிறீர்கள். பேச்சுப் போட்டி நடக்கிறது, பரிசு கொடுக்கிறோம், கலைகிறோம். 2025-ஆம் ஆண்டோடு அவர் மறைந்து 100 ஆண்டுகள் நிறைந்துவிட்டன. இத்தனை காலத்துக்குப் பிறகும் அவரைப் பாதி மனிதராகவே நினைவில் வைத்திருக்கிறோம் என்பது என் மனக்குறை. வீரமுரசு என்கிறோம், வ.உ.சி.யின் தோழர் என்கிறோம், சிறை சென்றவர் என்கிறோம். அவர் காவி உடுத்த துறவி என்பதும் தொழுநோயாளி என்பதும் ஆளுக்கொரு வரியில் முடிந்துவிடுகின்றன. அந்த இரண்டையும் வகுப்பறைக்குக் கொண்டுபோங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி போதும். தொழுநோய்த் தடுப்புப் பணியில் களப்பணியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களிலும் சித்தேரி மலையிலும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் முதுகையும் பெரியவர்களின் கை கால்களையும் பார்த்ததுதான் என் உத்தியோகம். ஆகவே சிவாவின் வாழ்க்கையைப் படிக்கும்போது மற்றவர்கள் வேகமாகக் கடந்துபோகிற இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

அவருடைய கதை உங்களுக்குத் தெரியும். 1884-இல் வத்தலக்குண்டில் பிறந்தவர். இளமையிலேயே திருவனந்தபுரத்தில் தர்ம பரிபாலன சமாஜம் என்ற அமைப்பைத் தொடங்கி ஊர் ஊராகப் பேசினார். திருவிதாங்கூர் அரசு அவரை வெளியேறச் சொன்னது. அங்கிருந்து தூத்துக்குடி வந்தவரை வ.உ.சிதம்பரனார் அணைத்துக்கொண்டார். 1908 பிப்ரவரி 27 அன்று தொடங்கிய கோரல் மில் வேலைநிறுத்தத்தில் இருவரும் தொழிலாளர்களின் பக்கம் நின்றார்கள். ஊதிய உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. சில நாட்களுக்குள், மார்ச் 12 அன்று, இருவரும் கைதானார்கள். சிவாவுக்கு 10 ஆண்டு தீவாந்தரத் தண்டனை. வ.உ.சி.க்கு ராஜ துரோகத்துக்காக 20 ஆண்டு, சிவாவுக்கு ஆதரவளித்ததற்காக இன்னொரு 20 ஆண்டு. ஒரு மனிதருக்கு இடம் கொடுத்ததற்கே 20 ஆண்டு என்று நீதிபதி பின்ஹே தீர்ப்பெழுதினார் என்றால், அந்த மனிதரின் பேச்சுக்கு அரசு எவ்வளவு அஞ்சியிருக்க வேண்டும்! மேல்முறையீட்டில் சிவாவின் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது. 1912 நவம்பரில் அவர் விடுதலையானார்.

பேச்சுப் போட்டிகளில் இந்த இடம் வரை கைதட்டல் பலமாக இருக்கும். இதற்குப் பிறகு, “சிறையில் கொடிய நோய்க்கு ஆளானார், பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட விரும்பினார், பாப்பாரப்பட்டியில் மறைந்தார்” என்று மூன்று துண்டு வாக்கியங்களில் பேச்சு முடிந்துவிடும். அந்த மூன்று துண்டுகளுக்குள் ஒரு மனிதரின் 13 ஆண்டுகள் இருக்கின்றன. என் பார்வையில், அவர் வாழ்வின் கனமான பகுதியே அதுதான்.

வெளியே வந்தபோது அவர் உடலில் தொழுநோய் தெரியத் தொடங்கியிருந்தது. வேறொருவராக இருந்தால் ஒரு மூலையில் ஒதுங்கியிருப்பார். சிவா பத்திரிகை தொடங்கினார். 1913-இல் வந்த ‘ஞானபாநு’வில் பாரதியார் எழுதினார், வ.உ.சி. எழுதினார். அடுத்துப் ‘பிரபஞ்ச மித்திரன்’ வந்தது. 1915-இல் மனைவி மீனாட்சி அம்மாள் மறைந்தார். அப்போதும் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. சென்னையில் தொழிற்சங்கங்கள் உருவாகிக்கொண்டிருந்த நாட்களில் தொழிலாளர் மேடைகளில் நின்றார். 1921-இல் சந்நியாசம் ஏற்று, சுதந்திரானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டுகிறேன். துறவி என்றால் உலகத்தை விட்டு விலகியவர் என்றே நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். மலைக்கும் குகைக்கும் போனவர், வாய் பேசாதவர், ஊருக்கு நடுவே என்ன நடந்தாலும் கண் திறக்காதவர். அப்படிப்பட்ட துறவிகளை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் சிவா காவி உடுத்த காலத்துக்கு முன்பே இந்தியத் துறவில் வேறொரு பாதை திறந்திருந்தது. விவேகானந்தர் 1897-இல் ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கி, நோயாளியையும் பசித்தவனையும் இறைவனாகப் பாவித்துத் தொண்டு செய்வதே சாதனை என்று தம் துறவிகளுக்குச் சொல்லியிருந்தார். அவருடைய சீடர் கல்யாணானந்தர் 1901-இல் ஹரித்துவாருக்கு அருகே கங்கலில் ஒரு சேவாசிரமம் தொடங்கி, நோயுற்ற சாதுக்களின் மலத்தையும் புண்ணையும் தம் கையால் கழுவினார். மற்ற மடத்துத் துறவிகள் அவரையும் உடனிருந்த நிச்சயானந்தரையும் தோட்டி சாதுக்கள் என்று இகழ்ந்து, பந்தியில் தள்ளி வைத்தார்கள். அவர்கள் தொடர்ந்து கழுவிக்கொண்டே இருந்தார்கள். பிற்காலத்தில் அதே மடங்களின் துறவிகள் சிகிச்சைக்கு அங்கேதான் வந்து படுத்தார்கள்.

சிவாவின் துறவை நான் இந்த வரிசையில் வைத்தே பார்க்கிறேன், ஒரு வேறுபாட்டோடு. கங்கல் துறவிகள் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார்கள். இங்கே நோயாளியே துறவியாகி, மற்றவர்களுக்குத் தொண்டு செய்தார். காவி உடுத்த அதே 1921-இல் மேடைப் பேச்சுக்காக மறுபடியும் சிறை. நோய் முற்றிய நிலையில் 1922-இல் விடுதலை. சந்நியாசம் வாங்கியவர் எதைத் துறந்தார் என்று உங்கள் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். வீட்டை அவர் எப்போதோ இழந்துவிட்டார். பொருள் அவரிடம் என்றுமே தங்கியதில்லை. மிச்சம் இருந்தது படுத்து ஓய்வெடுக்கும் உரிமை ஒன்றுதான். அதை அவர் துறந்தார்.

இனி நோயைப் பற்றி. இதில்தான் எனக்கு உங்களிடம் முறையிட நிறைய இருக்கிறது.

சேலம் சிறையில் ஆட்டு ரோமத்தைச் சுண்ணாம்பு கலந்து சுத்தம் செய்யும் வேலை கொடுத்தார்கள், அதனால்தான் தொழுநோய் வந்தது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். சிறைக் கொடுமையைச் சொல்ல வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அந்த வேலை கொடுமையானதுதான், தோலை அரித்துப் புண்ணாக்கக்கூடியதுதான். ஆனால் தொழுநோய் ரோமத்திலிருந்து வருவதில்லை. அது ஒரு நுண்கிருமியால் வருகிறது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இலேயே அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். சிகிச்சை பெறாத ஒருவரோடு நெடுநாள் நெருங்கி வாழும்போது, அவருடைய மூச்சிலும் தும்மலிலும் தெறிக்கும் துளிகள் வழியே கிருமி பரவுகிறது. உடலில் புகுந்த பிறகு அறிகுறி தெரியச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும். சிலருக்கு 20 ஆண்டுகளும் ஆகலாம். ஆகவே சிவாவுக்கு எங்கே, யாரிடமிருந்து தொற்றியது என்று எவராலும் சொல்ல இயலாது. நெரிசலான கொட்டடியும் அரை வயிற்றுச் சோறும் அந்தக் கிருமிக்கு வழிவிட்டிருக்கும் என்று மட்டும் சொல்லலாம்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ரோமத்தால் வந்தது என்று கேட்கும் பிள்ளை, தொழுநோய் என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சிறையோடு முடிந்துபோன சங்கதி என்று நினைத்துக்கொள்கிறது. முடியவில்லை. 2005 டிசம்பரில், 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே தொழுநோய் என்ற அளவை நாடு எட்டிவிட்டதாக அறிவித்தார்கள். அதைக் கேட்ட பலரும் நோயே போய்விட்டதாக எண்ணிக் கவனத்தைத் தளர்த்திவிட்டார்கள். உலகத்தில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்றும் இந்தியர்கள்தான். அவர்களில் குழந்தைகளும் இருக்கிறார்கள். குழந்தைக்கு நோய் வந்திருக்கிறது என்றால் அதன் அருகில் சிகிச்சை பெறாத பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று பொருள். நம் வட்டாரத்தில் அந்தப் பெரியவர் பெரும்பாலும் ஊரில் இருப்பதில்லை. பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி, எங்கேயோ செங்கல் சூளை. பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் வந்து போவார். வீட்டுக்குப் போகும் களப்பணியாளர் கண்ணில் அவர் படமாட்டார். பிள்ளை மட்டும் தினமும் உங்கள் கண்ணில் படும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஊரும் பள்ளியும் வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் முழங்கைக்கு மேலே வெளிறிய படை ஒன்றைக் கண்டேன். பஞ்சுத் திரியை மெல்லத் தொட்டுப் பார்த்தபோது அந்த இடத்தில் உணர்ச்சி இல்லை. வீட்டில் பேசினேன், மாத்திரை தொடங்கினோம். அடுத்த மாதம் மாத்திரை அட்டையோடு போனபோது அந்தப் பெண் பள்ளியை விட்டு நின்றிருந்தாள். செய்தி எப்படியோ கசிந்து, வகுப்பில் அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள். தண்ணீர் டம்ளரைத் தனியாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை ஆரம்பித்துவிட்டதால் அவளால் யாருக்கும் தொற்றாது என்று எத்தனையோ முறை எடுத்துச் சொன்னேன். தலையாட்டினார்கள், பெஞ்ச் மாறவில்லை. அவள் ஆறு மாதத்தில் முழுமையாகக் குணமானாள். பள்ளிக்கு மட்டும் திரும்பி வரவில்லை. அடுத்த தையில் அவளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டார்கள். நோய் அவளிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. படிப்பைப் பறித்தது அந்தப் பெஞ்ச்.

இன்னொரு பள்ளியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர், கபடிக்காகச் சட்டையைக் கழற்றிய பையன் ஒருவனின் முதுகில் தேமல் போன்ற ஒன்றைக் கவனித்தார். தேமல் அரிக்கும், செதிள் உதிரும். இது இரண்டும் இல்லாமல் வழவழப்பாக இருந்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல், மாலையில் தம் வண்டியிலேயே பையனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வந்தார். மாதம் ஒருமுறை மருத்துவப் பணியாளர் முன்னிலையில் விழுங்க வேண்டிய மாத்திரைக்கும் அவரே கூட வந்தார். அதிலுள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தை விழுங்கிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பயப்படாதே என்று நாங்கள் சொல்வதற்கு முன்பே அவர் படித்து வைத்துக்கொண்டு அவனிடம் சொல்லியிருந்தார். அந்தப் பையன் கபடி அணியிலிருந்து ஒருநாள்கூட விலக்கப்படவில்லை. அவன் அப்பாவைப் பெங்களூரிலிருந்து வரவழைத்துச் சோதித்தபோது, அவருக்குக் காதுமடல் தடித்திருந்தது, புருவம் உதிர்ந்திருந்தது, இரண்டு கையிலும் சுண்டுவிரல் மடங்கத் தொடங்கியிருந்தது. அவரும் ஓராண்டு மருந்து சாப்பிட்டுத் தேறினார். அந்த உடற்பயிற்சி ஆசிரியருக்கு எந்த விழாவிலும் யாரும் பொன்னாடை போர்த்தியதில்லை. சிவாவின் நினைவைப் போற்றியவர் யார் என்று என்னைக் கேட்டால் அவரைத்தான் சொல்வேன்.

இந்த நோய் இன்று எவ்வளவு எளிதாகத் தீர்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, சிவாவின் காலத்தில் அது எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்று நீரடிமுத்து எண்ணெய் ஒன்றுதான் கதி. குடித்தால் குமட்டும், ஊசியாகப் போட்டால் வலியில் துடிக்க வேண்டும், பலனுக்கு உத்தரவாதம் கிடையாது. டாப்சோன் போன்ற மருந்துகள் 1940-களில்தான் வந்தன. உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது 1981-இல். படை ஐந்துக்கு உட்பட்டு இருந்தால் 6 மாதம், மேற்பட்டால் 12 மாதம், முழுவதும் இலவசம். குளோஃபாசிமின் மாத்திரையால் தோல் சிறிது கருக்கும், மருந்து நின்ற சில மாதங்களில் நிறம் திரும்பிவிடும். இதற்கு மேல் பயப்பட ஒன்றுமில்லை. சிவாவுக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. உணர்ச்சியற்ற பாதத்தில் முள் ஏறினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது, சிறு காயம் எலும்பு வரை புரையோடிவிடும். அப்படிப்பட்ட நோயாளிகளுக்கு நாங்கள் இன்று எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு கொடுத்து, தினமும் பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவச் சொல்கிறோம், நெடுந்தூரம் நடக்கவே கூடாது என்கிறோம்.

சிவா நடந்தார். தொழுநோயாளிகள் ரயிலில் பயணம் செய்யக் கூடாது என்ற தடை அவர்மீது விழுந்தது. நோயைக் காட்டி நாவை அடக்கிவிடலாம் என்று அரசு நினைத்தது. அவர் கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், பாரத மாதா ஆலயத்துக்காக நிதி கேட்டார். பிளந்து புண்ணான பாதங்களை என் மடியில் வைத்துக் கட்டுப் போட்டிருக்கிறேன். ஆகவே அந்த நடை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் எத்தனையோ பாத யாத்திரைகளைப் பற்றிப் படிக்கிறோம், அவற்றில் எதையும் இதற்கு இணையாக வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

அந்த நடை வந்து சேர்ந்த இடம் நம் பாப்பாரப்பட்டி. அன்று இது சேலம் ஜில்லாவின் ஒரு மூலை. தர்மபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான். சின்னமுத்து முதலியார், தீர்த்தகிரி முதலியார் முதலிய ஊர்ப் பெரியவர்கள் துணை நிற்க, சுமார் 6 ஏக்கர் நிலத்துக்குப் பாரதபுரம் என்று பெயரிட்டு, 1923-இல் வங்கத் தலைவர் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் கையால் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டச் செய்தார் சிவா. சாதி, மதம், மொழி பாராமல் எல்லோரும் வந்து வழிபடும் இடமாக அது இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். கோயில் எழும்புவதற்குள், 1925 ஜூலை 23 அன்று, 40 வயதில் இங்கேயே அவர் உயிர் பிரிந்தது.

நம் ஊர்க்காரர்களே போதுமான அளவு பெருமைப்படாத ஒன்று இதில் இருக்கிறது. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. கதியற்ற தொழுநோயாளியைப் போலீஸ் பிடித்துக்கொண்டுபோய்க் காப்பகத்தில் அடைக்கலாம். அந்தச் சட்டத்தை நாம் முழுமையாக நீக்கியதே 2016-இல்தான். சொந்தப் பிள்ளைக்கு இந்த நோய் வந்தால் ஊர் எல்லையில் குடிசை போட்டுக் கொடுத்து, தட்டில் சோற்றைத் தள்ளிவிட்ட காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு கிராமம், நோய் முற்றிய ஓர் அயலூர்த் துறவியை உள்ளே அழைத்து, இடம் கொடுத்து, சோறு போட்டு, அவர் கனவுக்கு நிலமும் தேடிக் கொடுத்தது. அரசு ரயிலேற்ற மறுத்தவரைப் பாப்பாரப்பட்டி வீட்டுக்குள் ஏற்றியது. நினைவிடத்துக்கு வரும் பிள்ளைகளிடம் சிவாவைப் பற்றிச் சொல்லும்போது இந்த ஊரைப் பற்றியும் சொல்லுங்கள். அவரைத் தொட்டுத் தூக்கிய கைகளும் அவருக்குக் களி கிண்டிய கைகளும் இந்த மண்ணுடையவை. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பழைய குடும்பங்களின் வாய்வழிச் செய்திகளை மாணவர்களைக் கொண்டு எழுதி வாங்குங்கள். பாட்டன் சொன்னதைப் பேரன் கேட்டு வைத்திருக்கும் கடைசித் தலைமுறை இதுவாக இருக்கலாம்.

காந்தியடிகள் சேவாகிராமத்தில் தொழுநோய் கண்ட சமஸ்கிருத அறிஞர் பர்ச்சுரே சாஸ்திரியைத் தம் குடிலருகே தங்கவைத்து, தம் கையால் பணிவிடை செய்தார். அதை நினைவில் வைத்துத்தான் அவர் மறைந்த ஜனவரி 30 நம் நாட்டில் தொழுநோய் ஒழிப்பு நாளாக இருக்கிறது. பள்ளிகளில் அன்று உறுதிமொழி எடுக்கிறீர்கள், அது தொடரட்டும். நம் இரு மாவட்டங்களுக்கு மட்டும் இன்னொரு நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். ஜூலை 23 நமக்கே உரியது. பள்ளி திறந்து ஏழெட்டு வாரம் ஆகியிருக்கும், புதிய மாணவர்களின் முகம் உங்களுக்குப் பழகியிருக்கும், பரீட்சை நெருக்கடியும் இராது.

அந்த வாரத்தில் செய்ய வேண்டியது பெரிய ஏற்பாடு அல்ல. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் பணியாளர்கள் வருவார்கள். அவர்களோடு ஓர் ஆசிரியர், பெண் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை உடனிருந்து, நல்ல வெளிச்சம் உள்ள அறையில், மறைவோடு, பிள்ளைகளின் முதுகு, கை, கால், முகத்தைப் பார்க்கட்டும். வெளிறியோ சிவந்தோ இருக்கும் படை, அரிப்பு இல்லாதது, வலி இல்லாதது, தொட்டால் தெரியாதது. இதுதான் கவனிக்க வேண்டியது. வலி இல்லாததால்தான் இந்த நோயை யாரும் பொருட்படுத்துவதில்லை. பேனா பிடிக்கச் சிரமப்படும் பிள்ளை, செருப்பு காலிலிருந்து நழுவியதுகூடத் தெரியாமல் நடக்கும் பிள்ளை, தூங்கும்போது ஒரு கண் முழுவதும் மூடாத பிள்ளை என்று வேறு அடையாளங்களும் உண்டு. அவற்றைக் கண்டால் கிழமை பார்க்காமல் அனுப்புங்கள். நரம்பு பாதிக்கப்பட்ட சில மாதங்களுக்குள் மருந்து கிடைத்தால் கை மீளும். தாமதித்தால், மருந்தால் கிருமி செத்தாலும் மடங்கிய விரல் மடங்கியபடியே நின்றுவிடும். அப்படி மருந்து முடித்தும் விரல் நிமிராத பெரியவர்களை மக்கள் இன்றும் நோயாளி என்றே ஒதுக்குகிறார்கள். பேத்தியின் கல்யாணத்தில் பந்திக்கு வராதே என்று சொல்லப்பட்ட ஒருவர் என் முன்னால் அழுதிருக்கிறார்.

கண்டறிந்த பிள்ளையின் பெயர் உங்கள் வாயிலிருந்து ஒருவருக்கும் போகக் கூடாது. அதே பெஞ்சு, அதே டம்ளர், அதே சத்துணவு வரிசை. பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட மனிதர்களின் உடல் இந்தக் கிருமியை இயல்பாகவே வென்றுவிடுகிறது. மருந்து தொடங்கிய பிள்ளையைக் கண்டு அஞ்ச எந்த நியாயமும் இல்லை. வேறு பெற்றோர் வந்து சத்தம் போட்டால் சுகாதார ஆய்வாளரை அழைத்துப் பதில் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் வளைந்துகொடுத்துவிடாதீர்கள்.

பேச்சுப் போட்டி நடத்தும் தமிழாசிரியர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். “கொடிய நோய்” என்று எழுதிக் கொடுக்காதீர்கள், தொழுநோய் என்றே எழுதிக் கொடுங்கள். அவர் அதை ஒளித்துக்கொண்டு மேடை ஏறவில்லை. மாறுவேடப் போட்டியில் பாரதியாகவும் வ.உ.சி.யாகவும் பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு பிள்ளையாவது காவித் துண்டும் தாடியும் காலில் கட்டுமாகச் சுதந்திரானந்தராக வரட்டும். எந்தக் காலில் கட்டு, ஏன் கட்டு என்று பார்வையாளர்களுக்கு அந்தப் பிள்ளையே விளக்கட்டும்.

ஒகேனக்கல் சுற்றுலாவுக்குப் பஸ் எடுக்கும் பள்ளிகள் சற்று வழி விலகினால் பாப்பாரப்பட்டி வந்துவிடலாம். அருவியைப் பார்க்கும் அவசரத்தில் நினைவிடத்துக்கு வெளியே புகைப்படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடாமல், உள்ளே உட்கார வைத்து அவருடைய கடைசி 13 ஆண்டுகளை மட்டும் சொல்லுங்கள். முந்தைய பகுதி பாடத்தில் வந்துவிடும். பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம், ஊத்தங்கரை வட்டாரப் பள்ளிகளில் ஜூலைப் பரிசோதனைக்கு முன்பு ஆசிரியர்களுக்கு அரை நாள் பயிற்சி தேவைப்பட்டால், என்னைப் போல ஓய்வு பெற்ற களப்பணியாளர்கள் இந்த இரு மாவட்டங்களிலும் இருக்கிறோம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் எங்களைக் கூப்பிடுவார்கள். கட்டணம் எதுவும் வேண்டாம். பஞ்சுத் திரியை நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொழுநோய்த் தடுப்புக் களப்பணியாளன்,
தர்மபுரி